போனவர் பெயரில்

அந்த அலுவலகத்தில் நேரும் எந்தப் பிழையும் அங்கே இருப்பவர் செய்ததாக இருக்காது. விட்டுப் போனவர் செய்ததாகவே இருக்கும். இதை யாரும் எழுதி ஒட்டியதில்லை. புதிதாகச் சேர்பவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. சேர்ந்த இரண்டாவது வாரத்தில், முதல் தடவையாகத் திரை வெளுத்து நிற்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரர் பெருமூச்சோடு "இது முன்னாடி இருந்தவர் வேலைப்பா" என்று சொல்கிற தொனியிலேயே புரிந்துவிடும். புரியாதவர்கள் அங்கே நிலைத்ததில்லை. அவர்கள் போன பிறகு அவர்களும் காரணங்களின் பட்டியலில் சேர்ந்துகொண்டார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் வேலையை உதறிவிட்டு அலங்கார மீன் கடை வைக்கப் போன ஒருவர் இருந்தார். அவர் போன பிறகு வாங்கிய சர்வரில் வந்த கோளாறுக்குக்கூட அவரே பொறுப்பாளி. "மனுஷன் அங்க மீனுக்குத் தீனி போட்டுக்கிட்டே இங்க நமக்கு பிழை போடறாருய்யா" என்று சோதனைப் பிரிவில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நன்றியும் கலந்திருக்கும். எல்லார் பாவத்தையும் சுமக்க ஒருவர் வெளியே இருப்பது உள்ளே இருப்பவர்களுக்குச் சின்ன நிம்மதி இல்லை.

முகப்புப் பிரிவின் மூத்த பொறியாளரான அவளும் பதினொரு வருடங்களாக அந்த நிம்மதியில் பங்கு வாங்கியவள்தான். அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே 'மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பூட்டக்கா. அவளுக்கும் அது தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் இருந்தது.

பெயர் வந்த கதை இதுதான். ஒரு செயலியின் முகப்பு, அதாவது கைபேசியில் நாம் தொடுகிற பொத்தான்கள், படிவங்கள், நாள்காட்டி எல்லாம், முழுக்க ஒருவர் கையால் எழுதப்படுவதில்லை. எங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்கள் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் பேக்கேஜ்களை இறக்கிக் கோத்துத்தான் அது எழுகிறது. ஒன்றைக் கூப்பிட்டால் அது தனியாக வராது. சம்பந்தி வீட்டாரை அழைத்தது போல, தன் ஒன்றுவிட்ட அண்ணன், அண்ணனின் மச்சான், மச்சானின் கூட்டாளி என்று வண்டி பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும். அவர்கள் கூப்பிட்டவை நாற்பது. வந்து இறங்கியவை ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். வந்தவர் யார், எந்தப் பதிப்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பூட்டி வைக்கும் பட்டியலுக்கு லாக் ஃபைல் என்று பெயர். அது இருக்கும் வரை இன்று இறக்கினாலும் அடுத்த வருடம் இறக்கினாலும் அதே சரக்குதான் வரும். அதை அழித்தால் அன்றைய தேதிக்கு எது புதிதோ அது வந்து உட்காரும். அந்தப் பட்டியலில் யாரும் கைவைக்காமல் அவள் காவல் காத்தாள். "லாக் ஃபைலைத் தொட்டது யாரு?" என்ற அவள் குரல் எழுந்தால், வரிசையில் இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போவார்கள்.

பூட்டு என்னவோ உறுதியானதுதான். சுவரில் இருந்த ஓட்டை அவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் மட்டுமே தெரியும்.

நாத்தனார் என்றால் கணவனின் தங்கை. ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே பேருந்தில் வந்து, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து வேலை செய்தவள். ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்காக அவர்கள் செய்த முன்பதிவுச் செயலி வெளிவர மூன்று நாள் இருந்தபோது, அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். நோயாளி நாள்காட்டியில் பன்னிரண்டாம் தேதியைத் தொட்டால், மருத்துவமனையின் பட்டியலில் பதினொன்று என்று ஏறியது. நாள்காட்டிப் பேக்கேஜ் உள்ளூர் நள்ளிரவை உலகப் பொதுநேரத்துக்கு மாற்றிச் சேமித்தது. சூரியன் முந்தி உதிக்கும் இடங்களில் அது முந்தின நாள் மாலையாகிவிடும். குற்றம் ஒரே ஒரு வரியில் இருந்தது.

"அண்ணி, இது நாம எழுதினது இல்ல. பேக்கேஜுக்குள்ள இருக்கு. உள்ள போய் மாத்தினா, நாளைக்கு யாராவது புதுசா இறக்கினதும் காணாம போயிடும். திருத்தத்தைத் தனி ஃபைலா நம்ம பக்கம் வச்சுக்கிட்டா, எத்தனை தடவை இறக்கினாலும் தானா ஒட்டிக்கும். ஒன்றரை நாள் குடுங்க."

"மூணு நாள்ல ஒன்றரை நாளா? யாரு புதுசா இறக்கப் போறா? நான் இருக்கேன் இல்ல. இப்போதைக்கு உள்ளயே மாத்திடு. அப்புறம் முறையா செஞ்சுக்கலாம்."

அந்த அலுவலகத்தில் 'அப்புறம்' என்பது ஒரு கிழமையின் பெயர். எந்த வாரத்திலும் வராத கிழமை. நாத்தனார் வரியை மாற்றினாள். மாற்றிய இடத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் 'தற்காலிகம்' என்ற சொல்லையும் குறித்து வைத்தாள். அன்று முதல் அந்தப் பேக்கேஜ் ஃபோல்டரை யாரும் புதிதாக இறக்குவதில்லை என்பது வழக்கமாயிற்று. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து சர்வருக்கு என்று மூட்டை கட்டி நகலெடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பரண் என்று பெயர் வைத்தார்கள். 'பரணில் கைவைக்காதே' என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. ஏன் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பு வந்தது. மேலாளர் அவளைத் தனியே அழைத்து, "உங்க வீட்டுப் பொண்ணு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வேற பேரைப் பார்க்கறேன்" என்றார். சொந்தக்காரியைத் தாங்குகிறாள் என்ற பேச்சு வரும் என்று அவளுக்குப் பயம். "நீங்க பார்த்துச் செய்யுங்க சார்" என்றாள். அவர் பார்த்துச் செய்தார். வேலையின் கடைசி நாள் மாலை பேருந்தில் நாத்தனார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் காலணிக் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள்.

சென்ற வாரம் மருத்துவமனைக் குழுமத்தின் பாதுகாப்புத் தணிக்கையிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. செயலியில் நாற்பத்தொரு பேக்கேஜ்கள் பழையவை, திருடன் நுழையும் அளவுக்கு ஓட்டையானவை. வெள்ளிக்கிழமைக்குள் மாற்ற வேண்டும். அவள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். ஒன்றை உயர்த்தினால் இன்னொன்று முரண்டு பிடித்தது. அதைச் சமாதானம் செய்தால் மூன்றாவது முறுக்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு இருபதுக்கு அவள் லாக் ஃபைலை அழித்தாள். பரணையும் காலி செய்தாள். எல்லாவற்றையும் புதிதாக இறக்கினாள். ஒரு முரண்டும் இல்லாமல் எல்லாம் வந்து உட்கார்ந்தன.

அந்த ஒரு வரி அவளுக்கு நினைவு வராமல் இல்லை. வந்தது. நாள்காட்டிப் பேக்கேஜின் புதிய பதிப்புக் குறிப்பைத் திறந்தாள். 'தேதிப் பிழை ஒன்று திருத்தப்பட்டது' என்று அதில் இருந்தது. எந்தத் தேதிப் பிழை என்று பார்க்க இன்னும் ஒரு சொடுக்குப் போதும். அவள் சொடுக்கவில்லை. நமக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டால் கேள்வியை மறுபடி படிக்க யாருக்குத்தான் மனம் வருகிறது? சோதனைப் பிரிவின் கணினி உலகப் பொதுநேரத்தில் ஓடியதால், அங்கே பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. மாலை ஐந்து மணிக்குப் புதிய செயலி சர்வரில் ஏறியது.

திங்கட்கிழமை மருத்துவமனை முகப்பு மேசையில் பதினேழு பேருக்கு வசவு விழுந்தது. "உங்க நாள் நேத்து. தேதி பார்க்கக்கூடவா தெரியாது?" என்றார்கள். நோயாளிகளும் தங்கள் மேல்தான் தப்பு என்று நம்பித் தலை குனிந்து திரும்பினார்கள். செவ்வாய்க்கிழமை சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு ஒரு தையல்காரர் வந்தார். பட்டியலில் அவர் முறை திங்கட்கிழமை என்றும், ஆள் வரவில்லை என்றும் இருந்தது. இயந்திரத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள்வரை அவர் உடம்பு பொறுக்கவில்லை. அன்று மாலையே மூச்சுத் திணறித் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தார். உயிர் தங்கிவிட்டது. புதன்கிழமை காலை தொலைபேசி வந்தது.

மேலாளர் கூட்ட அறைக் கதவைச் சாத்தினார். உள்ளே ஐந்து பேர். பழைய பரணின் நகல் ஒன்று காப்புக் கணினியில் இருந்ததைத் தோண்டி எடுத்துச் சுவரில் பெரிதாகக் காட்டியிருந்தார். இரண்டு வருடம் முந்தைய தேதி, 'தற்காலிகம்', பக்கத்தில் முதலெழுத்துகள்.

"பேக்கேஜுக்குள்ளயே கை வச்சிருக்காங்க. எங்கயும் பதிவு கிடையாது. புதுசா இறக்கினா அழிஞ்சு போகும்னு ஒரு சின்ன யோசனைகூட இல்லாம. நல்லவேளை, எழுத்தையாவது போட்டுட்டுப் போயிருக்காங்க."

"போனவங்கதானே?" என்றார் சோதனைப் பிரிவுக்காரர். கேள்விபோலத் தொடங்கிய அது முடியும்போது தீர்ப்பாகியிருந்தது.

"போனவங்கதான்."

மற்ற நான்கு பேரில் யாரும் பூட்டக்காவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதை அவளுக்குக் கழுத்தில் ஈரத்துணி சுற்றியதுபோல் இருந்தது. கையெழுத்துப் போட்டவள் மாட்டினாள். போடச் சொன்னவள் சுழல் நாற்காலியில் இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவங்க ஆபீஸ்ல ரிப்போர்ட் குடுக்கணும்" என்று மேலாளர் தொடர்ந்தார். "இந்தத் தடவை பேரு கேக்கறாங்க. குழுமத்துல புது விதி. காரணமானவங்க இனிமே அவங்களோட எந்த ஆஸ்பத்திரி சிஸ்டத்துலயும், எந்தக் கம்பெனி மூலமாவும், வேலை செய்யக் கூடாது. போனவங்களுக்கு அதனால என்ன நஷ்டம்? ஒண்ணும் இல்ல."

நஷ்டம் என்னவென்று அந்த அறையில் அவளுக்கு மட்டும் தெரியும். நான்கு மாதம் ஏறி இறங்கி, நாத்தனாருக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். அந்தப் புதிய நிறுவனம் செய்வது, இதே குழுமத்தின் பரிசோதனை முடிவுகளைக் காட்டும் இணையப் பக்கத்தை. பெயர் அந்தப் பட்டியலில் ஏறினால் திங்கட்கிழமை கிடையாது. அவள் வாயைத் திறந்தாள். "எத்தனை பக்கம் வரும் சார், ரிப்போர்ட்?" என்று கேட்டாள்.

அன்று மாலை வீட்டில் நாத்தனார் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்கான மூன்று சட்டைகள் நாற்காலி முதுகில் வரிசையாகத் தொங்கின. கணவன் சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் வந்து பையை இறக்கி வைத்தாள்.

"அண்ணி, இன்னிக்கு எனக்கு ரெண்டு ஃபோன்" என்றாள் நாத்தனார், சட்டைக் காலரிலிருந்து கண் எடுக்காமல். "ஒண்ணு உங்க டெஸ்டிங் ஆளு. பாவம், துக்கம் விசாரிக்கற மாதிரி பேசினார். இன்னொண்ணு புது கம்பெனி. பழைய பிராஜெக்ட்ல ஏதாவது பிரச்சினை இருக்கான்னு கேட்டாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துச் சொல்றோம்னாங்க."

"ம்."

"அங்க இருந்தப்பகூட எனக்கு இவ்வளவு வேலை இருந்ததில்ல. போனப்புறம் பாருங்க, ஒரே ஓவர்டைம்."

கணவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்தி, வெங்காயத்தின் மேல் பழிபோட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அந்த வரியை மாத்தினது நான்தான். அதுல சந்தேகமே இல்ல" என்றாள் நாத்தனார். "பரணைக் காலி பண்ணது யாரு?"

"விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க."

"யாரு விசாரிக்கறாங்க?"

இஸ்திரிப் பெட்டி ஒரு முறை மேசை நீளத்துக்குப் போய்த் திரும்பியது. "நாங்கதான்" என்றாள் அவள்.

"சரி. கண்டுபிடிச்சா சொல்லுங்க. எனக்கும் தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு."

"ஆபீஸ் விஷயத்தைச் செருப்போட வாசல்லயே விட்டுட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது, ரெண்டு பேருக்கும்?" என்றான் கணவன்.

"செருப்பா இருந்தா விட்டுட்டு வரலாம்ணா" என்ற நாத்தனார் மூன்றாவது சட்டையை எடுத்தாள். அது ஏற்கெனவே தேய்த்த சட்டை. மறுபடியும் தேய்த்தாள்.

அலுவலகத்தில் நழுவியதுபோலவே வீட்டிலும் கேள்வியிலிருந்து நழுவ முடிந்ததை நினைத்து அவள் திகைத்தாள். அலுவலகத்தின் விதி அலுவலகத்தோடு முடிவதாக அவள் இதுவரை எண்ணியிருந்தாள். அது தன்னோடு பேருந்து ஏறி வந்து, தன் தட்டில் சாப்பிட்டு, தன் நாக்கால் பேசுவதை அன்றுதான் கேட்டாள்.

வியாழக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, போகிறவர்கள் விட்டுச் செல்லும் ஒப்படைப்புக் குறிப்புகள் இருந்த ஃபோல்டரை அவள் திறந்தாள். நாத்தனாருடையது இருபத்திரண்டு அம்சங்கள் கொண்ட அட்டவணை. எழுதியவரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை என்று ஓரத்தில் காட்டியது. அதைப் படித்துக் கையொப்பம் இட வேண்டியவள் அவள்தான். அந்த நாட்களில் நாத்தனாரின் எழுத்தை எதிர்கொள்ளத் தெம்பில்லாமல், படிக்காமலேயே கையொப்பம் இட்டிருந்தாள்.

ஏழாவது அம்சம் நாள்காட்டி. என்ன குற்றம், எந்த வரி, புதிதாக இறக்கினால் என்ன ஆகும், சோதனைக் கணினியில் அது ஏன் தெரியாது என்பதெல்லாம் நாலு வாக்கியங்களில் இருந்தன. கீழே: 'திருத்தத்தைத் தனி ஃபைலாக எழுதி முடித்துவிட்டேன். இணைக்க வேண்டியது மட்டும் மிச்சம். ஐந்து நிமிட வேலை.' ஃபைலும் கூடவே இருந்தது.

அட்டவணையின் கடைசிப் பத்தியின் தலைப்பு 'யார் முடிவு'. இருபத்தொரு இடங்களில் ஒரு பெயரோ பதவியோ இருந்தது. ஏழாவதில் மட்டும் காலி. குறிப்பின் பழைய வடிவங்களைப் பார்க்க ஒரு வசதி உண்டு. இந்தத் தடவை அவள் சொடுக்கினாள். நாத்தனாரின் கடைசி வேலைநாள் மாலை நான்கு பத்துக்கு, அந்தக் கட்டத்தில் இவள் பெயர் எழுதப்பட்டிருந்தது. நான்கு பன்னிரண்டுக்கு அது அழிக்கப்பட்டிருந்தது.

இரண்டு நிமிடம். தன்னை வெளியே அனுப்பியபோது வாய் திறக்காதவளின் பெயரை எழுதி, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, அழித்துவிட்டுப் பேருந்துக்கு வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். அதை அன்பென்று எடுத்துக்கொள்ள பூட்டக்காவுக்குத் துணிவு வரவில்லை, இளக்காரமாகக்கூட இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதற்குத் தான் தகுதியில்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

மேலாளரின் அறைக்குப் போனாள். நின்றுகொண்டே சொன்னாள். உள்ளே மாற்றச் சொன்னது நான், பரணைக் காலி செய்தது நான், குறிப்பைப் படிக்காதது நான். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கறீங்க? வெள்ளிக்கிழமை சர்வர்ல ஏத்தினது யாருன்னு பதிவுல இருக்காதா? உக்காருங்கம்மா." அவர் குரலில் கோபமே இல்லை. "இருக்கறவங்க செஞ்சாங்கன்னு சொன்னா, மீதி இருக்கறவங்களும் என்ன செஞ்சு வச்சிருக்காங்களோன்னு கிளையண்ட் நினைப்பான். ஒப்பந்தமே போயிடும். போனவங்க செஞ்சாங்கன்னா, நோவும் அவங்களோட போயிடுச்சு. முப்பது குடும்பம் இங்க சாப்பிடுது."

"அவளோட வேலை போயிடும் சார்."

"வேற கிடைக்கும். சின்ன வயசு." கொஞ்சம் யோசித்தார். பிறகு, நிஜமான கரிசனத்தோடு ஒரு வழி சொன்னார். "மனசு கேக்கலன்னா ஒண்ணு பண்ணுங்க. இன்னிக்கே பேப்பர் போட்டுடுங்க. நோட்டீஸ் எல்லாம் வேணாம், நான் பார்த்துக்கறேன். நாளைக்கு உங்க பேரையே சொல்லிடலாம். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். பெயரில் அவருக்கு அக்கறையே இல்லை. அந்தப் பெயருக்கு உரியவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லவும் அங்கே அனுமதி உண்டு. வெளியே போய் நின்றுகொண்டு சொல்ல வேண்டும்.

இடத்துக்குத் திரும்பி ராஜினாமாக் கடிதத்துக்கு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். இரண்டு வரி போதும். எழுதினால் நாத்தனார் தப்புவாள், தானும் பதில் சொல்ல யாரும் கூப்பிட முடியாத இடத்துக்குப் போய்விடலாம். அடுத்த வாரம் இதே வரிசையில் யாரோ "பூட்டக்கா வேலைப்பா" என்று சொல்வார்கள். தையல்காரருக்கு நேர்ந்ததும் ஒரு சிரிப்புக் கதையின் பின்பகுதியாகிவிடும். ஐந்தரைக்குப் பக்கத்தைச் சேமிக்காமல் மூடினாள். என்ன செய்யப் போகிறாள் என்று பேருந்து ஏறும்போதும் அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. மருத்துவமனையின் நிர்வாக அலுவலகம் நான்காவது மாடியில் இருந்தது. கிருமிநாசினி மணம் அங்கேயும் ஏறி வந்திருந்தது. மேசையின் ஒரு பக்கம் மேலாளர், பூட்டக்கா, சோதனைப் பிரிவுக்காரர். எதிரே ஒரே ஒருவர், நிர்வாக அதிகாரி. ஐம்பது கடந்த பெண். பத்தொன்பது வருடம் வார்டில் செவிலியராக இருந்து மேலே வந்தவர் என்று மேலாளர் மாடிப்படியிலேயே எச்சரித்திருந்தார்.

மேலாளர் வாசித்தார். வரி மாற்றப்பட்டது. பதிவு செய்யப்படவில்லை. பேக்கேஜ்கள் புதுப்பிக்கப்பட்டன. பிழை கண்டறியப்பட்டது, களையப்பட்டது. தொடக்கம் முதல் முடிவுவரை வேலைகள் தாமாகவே நடந்துகொண்டன. ஒரு வாக்கியத்துக்குக்கூடக் கை கால் இல்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு பக்கம். ஆளே இல்ல. எங்க வார்டுல ஒரு ஊசி போட்டாக்கூட, போட்டவங்க எழுத்தும் நேரமும் இருக்கணும். தப்பான ஊசியா இருந்தாலும் இருக்கணும். தப்புன்னா கட்டாயம் இருக்கணும்."

"கடைசிப் பக்கத்துல இருக்கு மேடம்."

அதிகாரி கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். பக்கத்தில் இருந்த படிவத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். "இவங்க இன்னிக்கு வரலையா? நேர்ல கேக்கணும்னு நினைச்சேன்."

"நாலு மாசத்துக்கு முன்னாடியே போயிட்டாங்க மேடம். இப்ப இருக்கற டீம்ல அந்த மாதிரி ஆளு யாரும் கிடையாது. அதுக்கு நான் உத்தரவாதம்."

"அந்தத் தையல்காரர் பொண்டாட்டி தினமும் என் ரூமுக்கு வெளிய வந்து உக்காந்திருக்காங்க" என்றார் அதிகாரி, எழுதத் தொடங்கியபடி. "சண்டை போடலாம். போடல. தேதியைச் சரியாப் பார்க்காதது நாங்கதானேன்னு எங்கிட்டயே மன்னிப்புக் கேக்கறாங்க."

பேனா முதல் எழுத்தைப் போட்டிருந்தது.

"அதை அடிச்சிடுங்க மேடம்" என்றாள் பூட்டக்கா. "அவ இல்ல. நான்."

மேலாளரின் முழங்கை அவள் நாற்காலிக் கையில் வந்து படிந்தது. "ரெண்டு நாளா தூக்கம் இல்ல அவங்களுக்கு. சொந்தக்காரப் பொண்ணு வேற, அதனால..."

"சொந்தம்தான் சார். அதுக்காகச் சொல்லல." அவள் அதிகாரியையே பார்த்தாள். "பேக்கேஜுக்குள்ள மாத்தச் சொன்னது நான். அவ வேணாம்னுதான் சொன்னா. முறையான திருத்தத்தை எழுதி முடிச்சு வச்சுட்டுத்தான் போனா. நாலு மாசமா நான் அதைத் திறந்துகூடப் பார்க்கல. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு இருபதுக்கு லாக் ஃபைலை அழிச்சது நான். அஞ்சு மணிக்கு சர்வர்ல ஏத்தினதும் நான். அந்தத் தேதிப் பிழை திரும்ப வருமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. தோணியும் பார்க்கல."

சோதனைப் பிரிவுக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் எங்கோ வண்டி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"நீங்க வேலையை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல மேடம். இருக்கேன். திங்கக்கிழமையும் வருவேன். அனுப்பினாங்கன்னா அப்போ போறேன்."

மேலாளர் முழங்கையை எடுத்துக்கொண்டார். அதிகாரி எழுதிய எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தை இட்டார்.

"பேரு சொல்லுங்க."

அவள் முன்னெழுத்திலிருந்து தொடங்கி, எழுதுகிறவர் கைக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.